வெளிநாட்டுப் பெருந்திட்டத்துக்குக் கூட்டாக டெண்டர் போடுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரிய கட்டுமான நிறுவனத்தின் டெண்டர் பிரிவில் சேர்ந்ததும் உங்கள் கைக்கு வருவது ஒரு கோப்பு. வரைபடங்கள், மண் ஆய்வு அறிக்கை, ஒப்பந்த நிபந்தனைகள், அளவுப் பட்டியல், படிவங்கள் என்று அதில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கும். "படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எதிலிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல ஆண்டுகள் இதே வேலையில் இருந்துவிட்டேன். எனக்கு ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று பின்னால் ஏங்கியவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது கெட்டுப்போனால் யாருடைய கைப்பணம் போகும்? பணி வழங்குபவருடையதா, நம்முடையதா, நம் கூட்டாளியுடையதா? விடை தெரியாத பக்கம் ஒன்று மிச்சமிருந்தாலும் விலை போடும் வேலை முடியவில்லை என்று பொருள்.

போட்டியிடுவதா வேண்டாமா

இதை முதல் இரண்டு வாரத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். பெருந்திட்டத்துக்கு டெண்டர் தயாரிப்பதே ஒரு தனித் திட்டம். வடிவமைப்பாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சம்பளம், பயணம், வங்கிக் கட்டணம் எல்லாம் போகும். தோற்றால் அதில் பெரும்பகுதி திரும்பி வராது. அதனால் முதலில் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது: அரசின் சொந்த நிதியா, உலக வங்கி போன்ற வளர்ச்சி வங்கியின் கடனா, அல்லது ஒப்பந்ததாரரே கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டு வர வேண்டுமா? நிலம் கையில் இருக்கிறதா? இதே பணி வழங்குபவர் முந்தைய வேலைகளுக்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தார்? மூன்றாவதற்கான விடை எந்த ஆவணத்திலும் கிடைக்காது. அங்கே வேலை செய்த துணை ஒப்பந்ததாரர்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்.

விலகுவதில் வெட்கம் இல்லை. பனாமா கால்வாயின் மூன்றாவது மதகுத் தொகுதிக்கு 2007-ல் நான்கு கூட்டமைப்புகள் தகுதி பெற்றன. 2009 மார்ச்சில் டெண்டர் கொடுத்தவை மூன்று மட்டுமே.

கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பது

எதிரணியைப் பற்றிப் புதியவர்கள் நிறையக் கவலைப்படுவார்கள். என் அனுபவத்தில் பாதிப் போட்டிகள் சொந்த அணிக்குள்ளேயே தோற்றுப்போகின்றன. ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

கூட்டு இரண்டு வகை. முதல் வகையில் எல்லோரும் பணம், ஆள், இயந்திரம் போட்டு ஒரே நிறுவனம்போல இயங்குவார்கள். லாப நட்டம் பங்கு விகிதப்படி பிரியும். இரண்டாவது வகையில் வேலை பிரிக்கப்படும்: ஒருவர் சுரங்கம், ஒருவர் பாலம், ஒருவர் மின்பணி. அவரவர் பகுதியின் லாபமும் நட்டமும் அவரவருக்கே. முதல் வகையில் சண்டை பணத்தைப் பற்றி வரும். இரண்டாவதில் எல்லைக்கோட்டைப் பற்றி வரும். எல்லைச் சண்டைதான் எனக்கு அதிகம் பயம் தருவது. அதைப் பின்னால் ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

எந்த வகையாக இருந்தாலும் பணி வழங்குபவரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: உறுப்பினர்கள் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு. இதன் முழுப் பொருளை உள்வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு 20 சதவீதமாக இருக்கலாம். மற்றவர்கள் கைவிட்டால் நூறு சதவீத வேலையையும் உங்களிடம் கேட்கலாம். ஸ்காட்லாந்தில் அபர்டீன் புறவழிச்சாலையை மூன்று பிரிட்டிஷ் நிறுவனங்கள் கூட்டாகக் கட்டிக்கொண்டிருந்தன. 2018 ஜனவரியில் அவற்றில் ஒன்றான கரில்லியன் திவாலானது. மிச்ச வேலை பால்ஃபோர் பீட்டி, கலிஃபோர்ட் ட்ரை ஆகிய இருவர் தலையிலும் விழுந்தது. அந்தச் சுமையைத் தாங்க கலிஃபோர்ட் ட்ரை புதிய பங்குகள் வெளியிட்டுச் சுமார் 15 கோடி பவுண்டுக்கு மேல் திரட்ட வேண்டியிருந்தது. அது உள்நாட்டு வேலை. அறிமுகமில்லாத நாட்டில், அறிமுகமில்லாத சட்டத்தின் கீழ் இப்படி நடந்தால் சுமை இன்னும் கனக்கும். கூட்டாளியின் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கறிக்கையை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். விருந்தில் நன்றாகப் பேசினார் என்பது கணக்கில் சேராது.

தலைமை யார் என்பதையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுங்கள். 2009-ல் அபுதாபியின் பரக்கா அணுமின் திட்டத்துக்கு மூன்று அணிகள் மோதின. கொரிய மின்சார நிறுவனமான கெப்கோவின் தலைமையில் ஹூண்டாய், சாம்சங், டூசான், வெஸ்டிங்ஹவுஸ் ஆகியவை ஒரே வரிசையில் நின்றன. பிரெஞ்சு அணியில் அரேவா, ஜிடிஎஃப் சுவெஸ், டோட்டல் இருந்தன. அணுமின் நிலையங்களை நடத்துவதில் பெரும் அனுபவம் கொண்ட ஈடிஎஃப் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. டிசம்பர் 27 அன்று சுமார் 2,000 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கொரியர்களுக்குப் போனது. விலை, கட்டி முடிக்கும் வேகம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் வாடிக்கையாளர் மேசையின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கும்போது, கடைசி வார்த்தை யாருடையது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

டெண்டருக்கு முந்தைய கூட்டு ஒப்பந்தத்தில் இவற்றுக்கு விடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: பங்கு விகிதம், தலைமை நிறுவனத்தின் அதிகாரம், டெண்டர் செலவை யார் ஏற்பது, ஒருவர் நடுவில் விலகினால் என்ன, இந்தத் திட்டத்துக்கு வேறு அணியோடு சேரக் கூடாது என்ற கட்டுப்பாடு, இறுதி விலையில் உடன்பாடு வராவிட்டால் யார் முடிவெடுப்பது. கடைசி விஷயத்தை எழுத எல்லோரும் கூச்சப்படுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

முன்தகுதிச் சுற்று

டெண்டர் போடத் தகுதியான அணிகளை முன்கூட்டியே வடிகட்டும் சுற்று இது. இங்கே புத்திசாலித்தனத்துக்கு வேலை குறைவு. கேட்ட சான்றிதழைக் கேட்ட படிவத்தில் கொடுத்தால் போதும். ஒரு குழப்பத்தை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். வளர்ச்சி வங்கிகளின் ஆவணங்களில் "தலைமை உறுப்பினர் 40 சதவீதம், மற்றவர் ஒவ்வொருவரும் 25 சதவீதம்" என்பது போன்ற வரிகளைப் பார்ப்பீர்கள். அது லாபப் பங்கு பற்றியது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆண்டு வருவாய் போன்ற தகுதி நிபந்தனையில் ஒவ்வொருவரும் தனியாக எவ்வளவு நிறைவு செய்ய வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. எல்லோரும் சேர்ந்து நூறு சதவீதத்தை எட்ட வேண்டும்.

ஆவணத்தைப் படிக்கும் வரிசை

வரைபடத்தில் தொடங்காதீர்கள். பொறியாளர்களான நமக்குக் கை அங்கேதான் போகும். முதலில் ஒப்பந்த நிபந்தனைகளை எடுங்கள்.

வெளிநாட்டுப் பெருந்திட்டங்கள் பலவற்றில் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தங்கள்தான் அடிப்படை. ஃபிடிக் என்பது ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. 1999-லும் 2017-லும் அது வெளியிட்ட பதிப்புகள்தான் இன்று புழக்கத்தில் அதிகம். அட்டையின் நிறமே பாதி கதையைச் சொல்லிவிடும். சிவப்புப் புத்தகம் என்றால் பொதுவாக வடிவமைப்பு பணி வழங்குபவருடையது, செய்த வேலையை அளந்து பணம் தருவார்கள். மஞ்சள் என்றால் வடிவமைப்பும் நம் பொறுப்பு. வெள்ளி என்றால் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுக்கும் வேலை. மண்ணுக்கு அடியில் என்ன இருந்தாலும் பெரும்பாலும் நம் பாடு.

நிறத்தைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அடுத்து "சிறப்பு நிபந்தனைகள்" என்ற பகுதி வரும். பொது நிபந்தனையில் நமக்குக் கொடுத்த பாதுகாப்பை அங்கே ஒரே வரியில் எடுத்துவிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, நீக்கப்பட்டதை எல்லாம் சிவப்புப் பேனாவால் அடையாளமிடுங்கள். விலைவாசி உயர்ந்தால் ஈடுகட்டும் பிரிவு இருக்கிறதா? முன்பணம் எவ்வளவு? தாமத அபராதத்துக்கு உச்சவரம்பு உண்டா? மொத்தப் பொறுப்புக்கு? எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊரில் நடுவர் மன்றம்? வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்ற நாடுகள் ஒப்புக்கொண்ட 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் அந்த நாடு கையெழுத்திட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இல்லாத நாட்டில், வென்ற தீர்ப்பைப் பணமாக்குவது பெரும்பாடு.

விலை ஈடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் போலந்தின் ஏ2 நெடுஞ்சாலை சாட்சி. வூச் நகருக்கும் வார்சாவுக்கும் இடையில் சுமார் 49 கிலோமீட்டருக்கான இரண்டு பகுதிகளை 2009-ல் சீனாவின் கோவெக் தலைமையிலான கூட்டமைப்பு வென்றது. விலை சுமார் 130 கோடி ஸ்லோட்டி, அரசின் மதிப்பீட்டில் பாதிக்கும் குறைவு. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காக நாடெங்கும் ஒரே நேரத்தில் சாலை வேலை நடந்ததால் பொருள்களின் விலை ஏறியது. ஏற்றத்தை ஈடுகட்ட ஒப்பந்தத்தில் வழியில்லை. விலங்குகள் சாலையைக் கடக்கக் கட்ட வேண்டிய பாதைகளும் நினைத்ததைவிட அதிகச் செலவு வைத்தன. 2011 ஜூனில் ஒப்பந்தமே ரத்தானது.

தளத்தைப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும்

மண் ஆய்வு அறிக்கையின் முன்பக்கத்தில் "தகவலுக்காக மட்டும்" என்று ஒரு குறிப்பு இருக்கும். அதாவது அந்த அறிக்கையை நம்பி விலை போட்டு ஏமாந்தால் அவர்கள் பொறுப்பில்லை. அதனால் தளத்துக்குப் போங்கள். துளையிட்டு எடுத்த மண், பாறை மாதிரிகளின் பெட்டிகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் திறந்து பாருங்கள். கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். கல்குவாரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிற பாலங்கள் எத்தனை டன் தாங்கும் என்று விசாரியுங்கள்.

பனாமாவில் பெரிய பிணக்குகளில் ஒன்று கல்லைப் பற்றியதுதான். பசிபிக் பக்கம் தோண்டி எடுக்கும் எரிமலைப் பாறையை உடைத்தே கான்கிரீட்டுக்கு ஜல்லியாக்குவது திட்டம். உடைத்தபோது எதிர்பார்த்ததைவிட நுண்தூள் அதிகம் வந்தது, அதனால் நாளும் பணமும் கரைந்தன என்றார்கள் ஒப்பந்ததாரர்கள். அந்தச் செலவு யாருடையது என்ற வாதம் பல ஆண்டு ஓடியது. 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம் கல், கான்கிரீட் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. முன்பு கிடைத்த தொகையில் 20 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்கும்படி ஆனது.

சந்தேகங்களை எழுத்தில் கேட்கலாம். பணி வழங்குபவர் தரும் பதில், கேட்டவர் பெயரை மறைத்து, எல்லா அணிகளுக்கும் போகும். ஆகவே கேள்வியே உங்கள் யோசனையைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. "சுரங்கத்துக்குப் பதிலாகத் திறந்தவெளியில் தோண்டலாமா?" என்று கேட்டால் உங்கள் உத்தி ஊருக்கே தெரிந்துவிடும். "பிரிவு 4.2-இல் மாற்று முறைக்கு இடமுண்டா?" என்று கேட்டால் போதும்.

விலை போடுவது

இப்போது அந்த எல்லைக்கோடு. நாங்கள் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சுரங்கப் பணிக்கு விலை தயாரித்தோம். ஒருவர் தோண்டுவார், ஒருவர் கான்கிரீட் போடுவார், ஒருவர் மின்சாரமும் இயந்திரங்களும். மூவரின் தாள்களையும் சேர்த்துக் கூட்டியாகிவிட்டது. சமர்ப்பிக்க நான்கு நாள் இருந்தது. இரவு பத்து மணிக்கு மூன்று தாள்களின் அடிக்குறிப்புகளையும் வரிசையாகப் படித்தேன். தோண்டுபவர் தாளில்: "சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இறைப்பது சேர்க்கப்படவில்லை." கான்கிரீட் தாளில்: "வேலையிடம் உலர்ந்த நிலையில் ஒப்படைக்கப்படும்." மின்பணித் தாளில்: "நிரந்தரப் பம்புகள் மட்டும்." ஆக, கட்டுமானக் காலம் முழுக்க இரவும் பகலும் ஓட வேண்டிய பம்புகளுக்கும் அவற்றுக்கான மின்சாரத்துக்கும் ஆளுக்கும் மூவரில் யாருமே பணம் போடவில்லை. மூவரும் மற்றவர் போட்டிருப்பார் என்று உண்மையாகவே நம்பியிருந்தார்கள். மறுநாள் முழுவதும் அதைப் பேசித்தான் தீர்த்தோம். அன்று அந்த அடிக்குறிப்பைப் படிக்காமல் தூங்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்வது இது. ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் வேலைகளும் அபாயங்களும்: நீர் இறைப்பு, தற்காலிகச் சாலை, சுங்க வரி, ஊழியர் விசா, நாணய மதிப்பு, வெள்ளம், வடிவமைப்பு ஒப்புதல் தாமதம், சோதனை ஓட்டத்துக்கு மின்சாரம். வலப்பக்கம் இரண்டே கட்டங்கள்: பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர், அதற்காக விலையில் சேர்த்த தொகை. தொகை பூஜ்யமாகக்கூட இருக்கலாம், ஆனால் யாரோ ஒருவர் யோசித்துப் போட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இந்த அட்டவணையை நிரப்ப வேண்டியவர் பெரும்பாலும் அணியிலேயே இளையவர், அதாவது நீங்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

கடைசியில் மேலதிகாரிகள் உட்கார்ந்து லாப விகிதத்தைத் தீர்மானிப்பார்கள். "இன்னும் மூன்று சதவீதம் குறைத்தால் ஜெயித்துவிடலாம்" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். குறைக்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் லாபத்திலிருந்து குறைக்கிறார்களா, அபாயத்துக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து குறைக்கிறார்களா என்று கேளுங்கள். லாபத்தைக் குறைத்தால் சம்பாத்தியம் குறையும், அவ்வளவுதான். அபாயத் தொகையைக் குறைத்தால், அந்த அபாயம் வரும் நாளில் பணம் இருக்காது.

உறையும் உத்தரவாதமும்

பெரும்பாலும் இரண்டு உறைகள்: தொழில்நுட்பம் ஒன்று, விலை ஒன்று. தொழில்நுட்பத்துக்கு மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை விலை உறையைத் திறக்க மாட்டார்கள். பனாமாவில் தொழில்நுட்பத்துக்கு 55 சதவீதம், விலைக்கு 45 சதவீதம் எடை. மார்ச்சில் கொடுத்த விலை உறைகளை 2009 ஜூலை 8 அன்றுதான் எல்லோர் முன்னிலையிலும் திறந்தார்கள். ஸ்பெயினின் சாசிர், இத்தாலியின் இம்ப்ரெகிலோ, பெல்ஜியத்தின் யான் டி நூல், பனாமாவின் கூசா சேர்ந்த அணி சுமார் 312 கோடி டாலர். பெக்டெல் தலைமையிலான அணி 418 கோடி. ஏசிஎஸ் இருந்த அணி ஏறத்தாழ 600 கோடி. கால்வாய் நிர்வாகம் ஒதுக்கியிருந்தது 348 கோடி. குறைந்த விலை கொடுத்த அணிக்கே தொழில்நுட்ப மதிப்பெண்ணும் அதிகம், வேலையும் அவர்களுக்கே.

டெண்டரோடு வங்கி உத்தரவாதமும் போகும். நாம் பின்வாங்கினால் பணி வழங்குபவருக்குப் பணம் தருவதாக நம் வங்கி எழுதிக் கொடுப்பது அது. அதில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கூடாது. தொகை, நாணயம், மாதிரிப் படிவத்தின் வாசகம், காலாவதித் தேதி எல்லாவற்றையும் விரல் வைத்துப் படியுங்கள். உலக வங்கி ஆவணங்களில் டெண்டரின் செல்லுபடிக் காலம் முடிந்து மேலும் 28 நாள் உத்தரவாதம் உயிரோடு இருக்க வேண்டும். கூட்டமைப்பு இன்னும் சட்டப்படி பதிவாகவில்லை என்றால் எல்லா உறுப்பினர் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஒரு திறப்புக் கூட்டத்தில் நான் கண்ணால் பார்த்தேன்: போட்டியாளர் ஒருவரின் உத்தரவாதத்தை அதிகாரி உரக்க வாசித்தார். தொகை சரி, தேதி சரி, பெயர் மட்டும் தலைமை நிறுவனத்தின் பெயர். அதிகாரி ஒரு நொடி நிறுத்தி, பக்கத்தில் இருந்தவரிடம் தாளைக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த அந்த அணிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்களுடைய பல மாத வேலை அந்த ஒரு பெயரால் நிராகரிக்கப்பட்டது.

வங்கிக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். பணி வழங்குபவர் நம் வங்கியின் உத்தரவாதத்தை நேரடியாக ஏற்காமல், அவர் நாட்டு வங்கியின் உத்தரவாதத்தைக் கேட்பது சாதாரணம். அந்த வங்கிக்கு நம் வங்கி மறு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த மூன்று வாரமும்.

இடைத்தரகர்கள்

"உள்ளே ஆள் இருக்கு" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். அவரோடு தனியாகப் பேசாதீர்கள், பேச்சை நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட மற்ற நான்கு வங்கிகளும் 2010-ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முறைகேட்டுக்காக ஒரு நிறுவனத்தின் மீது ஒரு வங்கி ஓராண்டுக்கு மேல் விதிக்கும் டெண்டர் தடையைப் பொதுவாக மற்றவையும் அமல்படுத்தும். கூட்டாளியின் முகவர் செய்த தவறும் உங்கள் கோப்புக்குள் வந்து சேரும்.

வேலை கிடைத்த பிறகு

தோற்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பல நாடுகளில் சொல்ல வேண்டிய கடமை உண்டு. வென்றால் டெண்டர் அணி கலைந்து அடுத்த டெண்டருக்கு ஓடிவிடும், தளத்துக்கு வேறு ஆட்கள் போவார்கள். அறிவு கைநழுவுவது இந்த இடத்தில்தான்.

பனாமா வேலையில் 2013 டிசம்பர் 30 அன்று, சுமார் 160 கோடி டாலர் கூடுதல் செலவு என்று சொல்லி, 21 நாளில் தீர்வு இல்லையென்றால் வேலையை நிறுத்துவோம் என்று கூட்டமைப்பு அறிவித்தது. 2014 பிப்ரவரியில் இரண்டு வாரம் வேலை நின்றேபோனது. 2014-ல் திறப்பதாக இருந்த மதகுகள் 2016 ஜூன் 26 அன்று திறக்கப்பட்டன. இவ்வளவு பெரிய கோரிக்கைகளும் தளத்தில் ஒருவர் ஒரு நாள் எழுதும் ஒரு கடிதத்தில்தான் தொடங்குகின்றன. 1999 ஃபிடிக் படி, கூடுதல் பணமோ நாளோ கேட்கக் காரணம் தெரிந்த 28 நாளுக்குள் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். தவறினால் உரிமையே போய்விடும்.

எனவே தள மேலாளர் விமானம் ஏறும் முன் இரண்டு நாள் அவரோடு உட்காருங்கள். அந்த அட்டவணையை வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். இந்தப் பாறைக்கு இவ்வளவு போட்டிருக்கிறோம், இந்தப் பம்புகளுக்கு இவ்வளவு, இந்தக் கட்டத்தில் பூஜ்யம், காரணம் இது. அவர் கேட்கும் கேள்விகளைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணையின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள், இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும். முதல் மாத முடிவில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தெந்த வரிகள் ஏற்கெனவே மாறிவிட்டன என்று கேளுங்கள்.